பலா ஜீப்பு ஏன் உங்க மெஷின்ல ஓடல

இல்லீங்க சார், உங்க மெஷின்ல தப்பு ஒண்ணுமில்ல. அத மொதல்ல சொல்லிடறேன், பெங்களூர்லேர்ந்து இம்மாந்தூரம் மலையேறி வந்துகிறீங்க. ஆமா, முடியாது முடியாதுன்னு மெயில் போட்ட ஈஸ்வரி நான்தான். இதான் எங்க ஆபீஸு. அந்தப் பக்கம் கம்ப்யூட்டரு, இந்தப் பக்கம் சாமை மூட்டை. அந்தக் கோழிய கொஞ்சம் வெரட்டுங்க, ஒயர கொத்தும்.

பலா ஜீப்பு கேம நீங்களே ஆடினீங்களா? பழமெல்லாம் கீழ சந்தைக்குப் போய் சேர்ந்துச்சா? கவுந்துட்டீங்களா? அந்தக் கொண்டை ஊசி வளைவுலதான எல்லாரும் கவுறாங்க. இன்னிக்கி நேர்ல அந்த எடம் வந்தப்போ கண்ண மூடிக்கினீங்களாமே, டிரைவரு வாசல்லயே சொல்லிட்டாரு.

செரி, விஷயத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர்ல வந்துச்சு, டிவில மாட்டி ஆடற மெஷின்ல வந்துச்சு, நீங்க செய்யற, கையில வெச்சி ஆடற மெஷின்ல மட்டும் ஏன் வரலன்னுதான கேக்கறீங்க? போன்லேர்ந்து போனுக்குப் பாட்டு அனுப்பற மாரி அனுப்பிடலாம்னு ஊர்ல நெனச்சிக்கினு கீறாங்க. உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாமியாரு. ஒருத்திக்கு ஆகறது இன்னொருத்திக்கு ஆவாது. கேம பிரிச்சிப் போட்டு திரும்ப எழுதணும். எழுதறதுக்குன்னு தனி மெஷின் வாங்கணும். அப்பால மெஷின் கம்பெனிக்காரங்க சோதன பண்ணுவாங்க. டிவி மெஷினுக்குப் போட்டப்போ ஒரே ஒரு பட்டன் பேரு தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார். பெரிய கம்பெனிங்களே இந்த மெஷின் எத்தினி பேருகிட்ட கீது, அதுல நம்ம கேம் வாங்கறவன் எவன்னு பாத்துட்டு வேணாம்னு வுட்டுடறாங்க. சில பேரு வேற மெஷின்காரங்ககிட்ட வாக்கு குடுத்திருப்பாங்க, கொஞ்ச காலத்துக்கு வேற எங்கியும் போறதில்லன்னு.

நாங்களா? நாங்க யாருக்கும் குடுக்கலீங்க. கேட்டிருந்தா குடுத்திருப்போம், யாரும் கேக்கல.

இன்னாங்க அது? தனி மெஷின பையிலயே எடுத்துக்கினு வந்துட்டீங்களா? சோதன செலவும் உங்குளுதா? ம்... நல்லா தயாராத்தான் வந்துகிறீங்க. டீ ஆறுது பாருங்க.

ஆனா இன்னொண்ணு கீதுங்க. உங்க மெஷின்ல மெமரி கம்மி. ஜீப்பு ஓடும், மலை ஓடாது. மரத்த கொறச்சாத்தான் ஓடும். அந்த மரமெல்லாம் நான் வரஞ்சது. ஒண்ண வரஞ்சி மலை முழுக்க ஒட்டல சார், ஒவ்வொண்ணையும் பக்கத்துல போய் நின்னு பாத்து வரஞ்சேன். ரத்தினம்மாள் அத்த வூட்டு பலாமரம் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நிக்குதில்ல, கேம்லயும் அப்படித்தான் நிக்கும். அந்தம்மா வந்து பாத்துட்டு, எம் மரத்துல இன்னாடி காய கொறச்சிட்டன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. சேத்துப் போட்டப்புறந்தான் போனாங்க.

தூரத்து மரத்த மட்டும் அட்டையில வெட்டின படம் மாரி வெச்சிட்டு, கிட்ட வந்தா முழுசா காட்டலாமா? தெரியுங்க. அவரும் அதத்தான் சொன்னாரு.

அவருன்னா பார்த்திபன், எங்க வூட்டுக்காரரு. நான் படம் வரைவேன், அவரு புரோகிராம் எழுதுவாரு. கம்பெனியே ரெண்டு பேருதான். அந்த நாற்காலிலதான் உக்காருவாரு, இப்ப கோழி உக்காந்துக்கினு கீது. அவரு திருப்பத்தூர்ல அவங்க அக்கா வூட்ல கீறாரு.

பொங்கல் முடிஞ்சி உங்க மொத மெயிலு வந்துச்சில்ல, அன்னிக்கி போனவரு. இப்ப மரத்துல பழமே பழுத்துடிச்சி. மெயில பாத்ததும் தலைகால் புரியல அவருக்கு. நான் மரத்துல கைவெக்கக் கூடாதுன்னேன். ஜீப்பு ஓட்றவன் ரோட்ட பாப்பானா, உன் மரத்த பாப்பானான்னு கேட்டாரு. ரெண்டு வருஷம் வரஞ்சவகிட்ட கேக்கற கேள்வியா சார் அது? மொட்டப் பாறைல ஓட்டு உன் ஜீப்ப, அதுலயே ஏறிப் போய்டுன்னு சொல்லிட்டேன். எதச் சொன்னாலும் கேக்காத மனுஷன், அன்னிக்கி மட்டும் கேட்டுட்டாரு.

வேற ஆள் வெச்சி எழுதலாமா? அவரு எழுதினது வேற யாருக்கும் புரியாதுங்க. புரோகிராம் உள்ள போய் பாத்தா ஒரு கணக்குக்கு ஈஸ்வரி கோவம்னு பேர் வெச்சிகிறாரு, அது ஏறினா கேம்ல மழ புடிச்சிக்கும். அத எந்த ஆளுக்கு நான் விளக்கறது?

அவருக்கா? போன் பண்ணலீங்க. டவர் கெடைக்கல.

உங்குளுக்கு மட்டும் எந்த டவர்ல பதில் போட்டேன்னு கேக்கறீங்க. நல்லாத்தான் புடிக்கிறீங்க. நீங்க அனுப்பற மெயிலு அவருக்கும் போவுதில்ல, நான் போடற பதிலும் போவும். மெமரி இல்ல, ஆள் இல்ல, வியாபாரம் ஆவாதுன்னு ஒவ்வொரு காரணமா எழுதினேன். ஒரு தடவயாவது நடுவுல பூந்து, ஏன்டி முடியாதுங்கறன்னு கேப்பாருன்னு பாத்தேன். அவரு கேக்கல. நீங்க மலையேறி வந்துட்டீங்க.

கெளம்பறீங்களா? ஜீப்பு திருப்பத்தூருக்குத்தான போவுது? பின்னாடி எடம் கீதா? கொஞ்சம் நில்லுங்க, பொடவ மாத்திக்கினு வந்துடறேன். அவரு கேட்டா, நீங்கதான் வற்புறுத்தி இட்டாந்தீங்கன்னு சொல்லுங்க.