கோணல் தையல்

இல்லண்ணே, பூட்டு கெட்டுப்போகல. நல்லாத்தான் இருக்கு. இன்னும் பத்து வருஷம் உழைக்கும், வீணா எதுக்கு மாத்தணும்னு கேக்குறீங்க, புரியுது. வேலைக்கு வந்த இடத்துல வேலை வேணாம்னு சொல்ற ஆளு இந்தக் காலத்துல நீங்க ஒருத்தராத்தான் இருக்கும். இருந்தாலும் கழட்டிடுங்க. புதுசு போடுங்க. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் சேத்து, கனமானதா.

ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. பயம்தான். ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு தனியா இருக்கேன். இன்னிக்கு அவள ஸ்கூலுக்குக்கூட அனுப்பல, கீழ் வீட்டு நர்ஸம்மாகிட்ட விட்டிருக்கேன். நீங்க கொஞ்சம் மாடிப்படி தெரியிற மாதிரி திரும்பி உக்காந்து வேலை செய்யிறீங்களா? யாராச்சும் ஏறி வந்தா நீங்க முதல்ல பாப்பீங்கல்ல, அதுக்குத்தான்.

பெட்டிய கட்டில் மேல வெக்காதீங்கண்ணே, இந்த ஸ்டூல்ல வெச்சுக்கங்க. அழுக்காகும்னு இல்ல. அந்தப் போர்வை மேல இப்போதைக்கு எதுவும் பட வேணாம்னு பாக்குறேன். ஆமா, நானே தைச்சதுதான். துண்டுத்துணிப் போர்வை. நான் லாண்டரியில வேலை பாக்குறேன், மூணு ஹோட்டலுக்குத் துணி வெளுக்குற பெரிய லாண்டரி. கிழிஞ்ச கர்ட்டன், கறை போகாத பெட்ஷீட், யாரும் தேடி வராத சட்டைன்னு ஒரு மூலையில மலையாக் குவிஞ்சு கிடக்கும். வேணுங்கிறத எடுத்துக்கம்மான்னுட்டாரு சூப்பர்வைசர். சுத்தி வர வெட்டித் தள்ளினா எப்பேர்ப்பட்ட கந்தலுக்கும் நடுவுல கையகலம் நல்ல துணி தேறும்ணே. அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கிறதுதான்.

சிரிக்கிறீங்க. கோணல் மாணலா இருக்குல்ல? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். அந்தக் கோணலுக்காகத்தான் நான் தைக்கிறதே.

இங்க குடி வந்தப்ப மழைக்காலம். ஒரு பையும் புள்ளையுமா வந்து இறங்கினோம். யாரையும் தெரியாது. இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து, கைக்கு வேலை வேணுமேன்னு முதல் வரிசைய ஆரம்பிச்சேன். எல்லாம் நீலமும் சாம்பலுமா இருக்கு பாருங்க, அதான். மழையப் பாத்துக்கிட்டே தைச்சதுல ஊசி எங்கெங்கயோ போயிடுச்சு. முடிச்சுட்டுக் குனிஞ்சு பாக்குறேன், பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி கிடக்கு. உடனே பிரிச்சுடணும்னு பிளேடத் தேடுறேன். அப்புறம்தான் உறைச்சுது, அடியே, இத யாரு வந்து பாக்கப் போறான்னு. அப்ப வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு. அடக்க முடியல. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு புள்ள ஓடிப்போயி தண்ணி கொண்டு வந்தா.

அதுலருந்து பருவத்துக்கு ஒரு வரிசை. எதிர்ல ஒரு மரம் தெரியுதா? அது இலையக் கொட்டினப்புறம்தான் பின்னாடி ஒரு பல் டாக்டர் போர்டு இருக்குறதே எங்களுக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள புள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சே போச்சு. அந்த மரத்தோட கலர்லயே மஞ்சளும் காவியுமா ஒரு வரிசை. அப்புறம் குளிர் வந்துச்சு. விரலெல்லாம் வெறச்சுப்போயி, ஒவ்வொரு தையலும் பல்லி வால் நீளம். இப்ப மறுபடி துளிர் விடுது, அதுக்கு இளம்பச்சை. வேலையிலருந்து வந்து, ஒரு டீயப் போட்டுக்கிட்டு, வெளிச்சம் இருக்குற வரைக்கும் ஒரு சாண் தைப்பேன். பெருசா ஒண்ணும் இல்லண்ணே. ஆனா காலையில கண்ண முழிக்கும்போதே, சாயந்திரம் எந்தத் துணிய எடுக்கலாம்னு மனசுக்குள்ள ஓடும். சந்தோஷம்னா இவ்வளவுதான்னு தெரிஞ்சுக்க எனக்கு முப்பத்தாறு வயசாச்சு.

முன்னாடி எங்க தைச்சேனா? வீட்லதான். என் வீட்டுக்காரர் டெய்லர். கூடமாட இருக்கட்டும்னு என்னையும் பழக்கினாரு.

கோட்டு தைக்கிறதுல அவர மிஞ்ச ஆள் கிடையாது. குடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, ஒருநாள் என்மேல கை ஓங்கினதில்ல. அதுதாண்ணே பெரிய கஷ்டம். வெளிய வாயத் தெறந்தா, தங்கமான மனுஷன், உனக்கென்னடி குறைன்னு கேப்பாங்க. எங்கம்மாவே கேட்டாங்க. நான் எனக்குத் தைச்சுப் போட்டுக்கிட்ட சட்டையில தையல் கோணியிருந்தா, கழட்ட விட மாட்டாரு. போட்டபடியே நிக்க வெச்சு பிளேடால பிரிப்பாரு. தோள்ல ஆரம்பிச்சு கக்கம் வரைக்கும், ஒவ்வொரு தையலா, அவசரமே இல்லாம. அசையாத, அசைஞ்சா கிழிஞ்சுடும்பாரு. சட்டையச் சொல்றாரா என்னையச் சொல்றாரான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. ஒருநாள் புள்ளய நிக்க வெச்சாரு. அவ மூச்ச அடக்கிக்கிட்டு என்னையே பாக்குறா. மறுநாள் அவரு கடைக்குப் போனதும் கிளம்பிட்டேன்.

பாருங்க, இப்பவும் அவருன்னுதான் வாயில வருது.

இருங்க. யாரோ ஏறி வர்ற சத்தம். பாருங்கண்ணே, யாருன்னு எட்டிப் பாருங்க. மேல் வீட்டு வாத்தியாரா? கையில பை இருக்கா? சரி, வாத்தியார்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நீங்க நினைப்பீங்க. நினைச்சுக்கங்க, அப்படியே இருந்துட்டா எனக்கு நிம்மதி.

ஒண்ணு கேக்கவா? சாவிய சோப்புல அழுத்தி அச்சு எடுத்தா, அத வெச்சு வேற சாவி செஞ்சிடலாம்னு சொல்றாங்களே, நிஜமா? அவ்வளவு சுலபமா? என் பை நாள் முழுக்க லாண்டரியில கொக்கியிலதான் தொங்கும். டிரைவரு, டெலிவரி ஆளுன்னு யாரு வேணா வந்து போற இடம். போன வாரம் உங்க கடைக்கு அப்படி யாராச்சும் வந்தாங்களா? ஒல்லியா, சட்டை மடிப்பு கலையாம, மெதுவாப் பேசுற ஆளு. சரி, சரி. ஒரு நாளைக்கு அம்பது பேரு வர்ற கடையில முகத்த யாரு பாக்குறா. உங்களச் சொல்லலண்ணே, நீங்க வேலையப் பாருங்க.

திருட்டா? ஐயோ, இல்ல. ஒரு குண்டூசி காணாமப் போகல. பூட்டு பூட்டினபடியேதான் இருந்துச்சு. நேத்து சாயந்திரம் நான்தான் தெறந்தேன். ஜன்னல் சாத்தினபடி, பாத்திரம் கவுத்தினபடி, எல்லாம் வெச்சது வெச்ச இடத்துல. டீக்குத் தண்ணி வெச்சுட்டு, போர்வைய எடுத்து மடியில போட்டேன்.

கையத் துடைச்சுட்டு இங்க வாங்க. தொட வேணாம், பாருங்க, போதும். இது மழை, கோணல். இது இலை கொட்டினப்ப. இது குளிரு. இந்த இளம்பச்சைய பாதி வரைக்கும் போட்டிருந்தேன். இதுவும் கோணல்தான், முந்தாநாள் நானே புள்ளகிட்ட காட்டிச் சிரிச்சேன். இப்பப் பாருங்க. ஸ்கேல வெச்சாலும் மயிரிழை பிசகாது. என் தையல அத்தனையும் பிரிச்சு எடுத்துட்டு, முதல்லருந்து போட்டிருக்கு. பிரிச்ச நூல்ல ஒரு பிசிறு தரையில இல்ல, கூட்டி எடுத்தாச்சு. ரொம்ப நேரம் ஆகியிருக்கும். ஜன்னலோரத்து இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கணும். வீட்ல வேற எங்கயும் அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

போலீஸ்ல என்னன்னு சொல்லட்டும்? யாரோ வீட்டுக்குள்ள வந்து என் தையல நேராக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? சிரிச்சே அனுப்பிடுவாங்க. புள்ளயே பாத்துட்டு, அம்மா, இந்த வரிசை மட்டும் கடையில வாங்கின மாதிரி அழகா இருக்கேன்னா. ஆமாம்மான்னு சொல்லி மடிச்சு வெச்சுட்டேன்.

அப்புறம், அந்த ஓரத்துல குத்தியிருக்கே, அது என் ஊசிதான். நான் அத வெறும் ஊசியா டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். இப்ப நூல் கோத்து, நுனியில முடிச்சுப் போட்டு, மீதி வரிசைக்கு நான் உக்காந்த உடனே தைக்கத் தோதா குத்தி வெச்சிருக்கு. நேத்துலருந்து அதத் தொட எனக்குப் பயமா இருக்கு. நீங்க அத மட்டும் எடுத்துப் போட்டுட்டு, பூட்ட மாட்டுங்கண்ணே.