மஞ்சள் பாதம் போட்ட அங்கன்வாடி

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்தேன், மாடி வீடு எழுப்பினேன், ஊர் ஜனம் நிற்க நிழற்குடையும் கட்டினேன். அப்படிப்பட்ட என்னையே காது கொடுக்க வைத்தது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஓர் அங்கன்வாடி டீச்சர் சொன்னது.

“யக்கா, நம்ம புள்ளைங்க சோத்துக்கு முன்னாடி காலத்தான் கழுவுதுங்க.”

பக்கத்தில் இருந்த ஆயா சிரித்தார். “பின்ன, கக்கூசுலேருந்து குழாய் வரைக்கும் மஞ்சள் பெயிண்டுல பாதம் போட்டது யாரு? அது மேலயே நடந்துக்கினு போய் காலக் கழுவுதுங்க.”

“அதுக்குத்தானே குழாய்க்கு மேல செவுத்துல ரெண்டு கை வரைஞ்சேன்.”

“அதுல கைய ஊனிக்கினு இன்னும் நல்லா காலக் கழுவுதுங்க டீச்சர். ஒண்ணுகூட வழுக்கி வுழல.”

“நாளைக்கு சூப்பர்வைசர் மேடம் சென்டரப் பாக்க வர்றாங்க. படம் போட்டே கை கழுவப் பழக்கிட்டேன்னு போன்ல வேற சொல்லி வெச்சிட்டேன். மானம் போவும்.”

“காலு சுத்தமா இருக்குன்னு காட்டுங்க.”

“பேஜாரு பண்ணாதக்கா. நாளைக்கு நீ குழாயாண்ட நின்னு, கையில சோப்பு போட்டுத் தேச்சிக்கினே இரு. உன்னப் பாத்து அதுங்களும் தேய்க்கும்.”

“மேடம் போற வரைக்குமா?”

“போற வரைக்கும்.”

“அப்ப செவுத்துல இருக்கிற கைய அழிச்சிடுங்க. இனிமே நான்தான் படம்.”

திண்டிவனத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள். அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தவன் நான். அந்தக் கையை அழித்த இடத்தில் ‘உபயம்’ என்று போட்டு என் பேரை எழுத வேண்டும்.