நாற்பத்தொரு ஓட்டு

— கெண்டியைக் கீழ வை, புருல்சா. அந்த நாப்பத்தொரு ஓட்டு யாரோடது?

— பெரியவங்க உள்ள காத்திருக்காங்க. டீ ஆறிடுங்க.

— ஆறட்டும். அவங்க டீக்கா காத்திருக்காங்க? குலத்துக்குத் துரோகம் பண்ணது யாருன்னு, புருஷன் கேட்டா சொல்லுவன்னு என்னை அனுப்பியிருக்காங்க. நேத்து நம்ம ஊர்ப் பெட்டியில அனார்குலுக்கு விழுந்தது நாப்பத்தொண்ணு. எங்கண்ணன் தோத்தது முப்பத்துநாலுல. கூட்டிக் கழிச்சுப் பாரு.

— அவ எப்படியும் ஜெயிச்சிருப்பா. நம்ம தொகுதிக்கு மூணு இடம், அதுல ஆம்பளைக்கு ரெண்டுதான்னு சட்டம். நின்ன ஒரே பொம்பளை அவ. நாங்க போட்டாலும் போடாட்டியும்...

— நாங்களா? ஓஹோ!

— பேச்சுக்குச் சொன்னேங்க.

— வாயிலேர்ந்து வந்துடுச்சு பாத்தியா! சும்மாவே ஜெயிக்கிறவ மடியில எதுக்குடி கொண்டுபோய்க் கொட்டுனீங்க? ஆம்பளைங்க ரெண்டு இடத்துல ஒண்ணு அந்த மில்லுக்காரனுக்குன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. மிச்ச ஒண்ணுக்குத்தான் அண்ணனும் சம்பந்தி தினாலியும் முட்டிக்கிட்டது. இப்போ தினாலி பிஷ்கேக் பார்லிமென்ட்டுக்குப் போறான். நாம டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

— யாரு எதுக்குப் போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? திரைக்குப் பின்னாடி போடுறதுதானே ஓட்டு.

— சரி, வியாழக்கிழமை நம்ம முற்றத்துல ஆட்டு ரோமத்தை உருட்டிக் கம்பளம் செய்ய எத்தனை பேர் வந்தீங்க?

— யாருங்க எண்ணுனா?

— நான் எண்ணினேன். உன்னையும் சேத்து, குறி பாக்குறவங்க எண்ணி வெச்சிருக்குற கொட்டை கணக்கா சரியா நாப்பத்தொண்ணு. அத்தனையும் நம்ம குலத்துக்கு வாழ வந்ததுங்க. தினாலி ஆள் அனுப்பினானா?

— இல்லைங்க.

— அனார்குல் வந்து கண்ணைக் கசக்கினாளா?

— அவ மூஞ்சியையே நான் சுவரொட்டியிலதான் பாத்திருக்கேன்.

— அப்போ யாரோ வந்திருக்காங்க. என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

— வந்தாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. குதிரையை விட்டுக்கூட இறங்கலை.

— பேரு?

— அதை மட்டும் கேக்காதீங்க.

— மிரட்டி வெச்சிருக்கானா?

— இல்லைங்க.

— புருல்சா, விளையாட்டு இல்லை இது. பேரு தெரியலைன்னா பழி உன் தலையிலதான்னு முடிவு பண்ணிட்டாங்க. கூடுனது உன் முற்றம். சாயங்காலமே உன்னைக் கொண்டுபோய்ப் பொறந்த வீட்டுல விட்டுடணுமாம். பிள்ளைங்க இங்கதான் இருக்குமாம்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நான் என்ன சொல்றது? அத்தனை நரைச்ச தாடிக்கு நடுவுல...

— ஒண்ணும் சொல்லலை. மூத்தவரு?

— அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. வாயே திறக்கலை. தோத்த மனுஷன், பாவம்.

— பாவம்தான்.

— உன்னை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? சொல்லித் தொலையேன், வந்தவன் என்ன சொன்னான்?

— மீரிம் போன்ல ஓன்னு அழுதாளாம். மாமனார் தோத்துட்டா அந்த வீட்டுல அவ எந்த மூஞ்சியோட வாழுவா? பெரியவங்க ஆடு அறுத்து, கையேந்தி ஆசி குடுத்துட்டாங்க, இனிமே விலகுனா காறித் துப்புவாங்க. சம்பந்திக்கு ஓட்டு விழுந்தா பெட்டியே காட்டிக் குடுத்துடும். அதனால அந்தப் பொம்பளைக்குப் போடுங்க, பொம்பளைங்க கூத்துன்னு விட்டுடுவாங்க. இதுதான் சொன்னது.

— மீரிமா? தினாலி வீட்டு மருமக, என் அண்ணன் மகளா? அவ எதுக்கு ஊரான் ஒருத்தனுக்கு... இரு. விலகுறதா? யாரு விலகுறது?

— டீ ஆறியே போச்சு.

— புருல்சா! வந்தது யாருன்னு பேரைச் சொல்லு!

— புருஷனோட அண்ணன் பேரு வாயில வரக் கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே சொல்லிக் குடுத்தீங்க. பதினோரு வருஷமா நான் சொன்னதில்லை. நாப்பத்தொரு பேர்ல ஒருத்தியும் சொல்ல மாட்டா. அது தெரிஞ்சுதான் எங்ககிட்ட வந்தாரு.

— ஐயோ.

— உங்களுக்கு அந்தக் கட்டு கிடையாதே. உள்ளதான் உக்காந்திருக்காரு. போய்ப் பேரைச் சொல்லுங்க, இல்லைன்னா என் பெட்டியைக் கட்டுங்க.