டாக்டர் கேட்ட ஒன்பது

இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்கத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள், அதையே தங்களுக்கும் கேட்கிறார்கள். செருப்பானாலும் சரி, மூக்குக் கண்ணாடியானாலும் சரி, கோல்ஃப் மட்டையானாலும் சரி. உனக்கு இது ஆகாது என்று சொன்னால் முகம் தூக்கிக்கொள்கிறார்கள். சொல்வதை நான் நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது.

என் கைப்பட எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் சொல்லி இன்னொருவர் எழுதி, அதில் நான் கையெழுத்துப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதுகிறவன் தன் இஷ்டத்துக்கு ரெண்டு வார்த்தை சேர்ப்பான்.

உங்களுக்கு கோல்ஃப் விளையாட்டு தெரியாது என்றீர்கள். தெரிய வேண்டியது கொஞ்சம்தான். டிரைவர் என்பது இருப்பதிலேயே நீளமான மட்டை, முதல் அடி அதில்தான். தண்டின் நுனியில் மூடிய கை ரெண்டும் சேர்ந்த அளவுக்கு ஒரு தலை இருக்கும். பந்தில் படுகிற முகம் செங்குத்தாக இருக்காது, லேசாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத்தான் லாஃப்ட் என்கிறார்கள். எட்டு, ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு என்று டிகிரிக் கணக்கில் தலையின் அடியில் எழுதியிருக்கும். எண் குறைந்தால் பந்து தாழப் போகும், கூடினால் உயரப் போகும். வேகமாக வீசுகிறவனுக்கு ஒன்பது போதும், பந்து தானே எழும்பிக்கொள்ளும். மெதுவாக வீசுகிறவனுக்குப் பன்னிரண்டு வேண்டும். இல்லாவிட்டால் பந்து மேலே ஏறாமல், வலது பக்கமாக வளைந்து, சீக்கிரம் இறங்கிவிடும். சட்டை அளவு மாதிரிதான் இது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நான் மட்டை ரிப்பேர் செய்கிற கோல்ஃப் மைதானத்துக்கு வருகிற ஆண்களிடம் சொல்லிப் பாருங்கள். ஒன்பது என்றால் ஆம்பளை, பன்னிரண்டு என்றால் கிழவன். என் பட்டறைக்குள் வந்து நிற்கும்போதே "ஒன்பது போட்டுக் குடு" என்றுதான் வருவார்கள். ஆரம்பத்தில் ஒரு வக்கீலிடம், ஐயா உங்கள் கைக்கு அது பந்தைத் தூக்காது என்று சொன்னேன். நேராக மேனேஜரிடம் போய், ரிப்பேர்க்காரன் என்னை அவமானப்படுத்திவிட்டான் என்றார். அன்றைக்கு வேலை போகிற மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு எண் தலையை எடுப்பேன். அடியில் இருக்கும் எண்ணை உப்புத்தாளால் தேய்ப்பேன். மேலே பெயின்ட் அடித்து, காயவிட்டு, வெள்ளையில் ஒன்பது என்று எழுதுவேன். தண்டில் பசை வைத்து மாட்டிக் கொடுத்துவிடுவேன். வக்கீல் பந்து அன்று முதல் நன்றாகப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே" என்றார். ஆமாங்க ஐயா என்றேன்.

அப்படிப் பதினேழு பேர். பெரிய பெரிய மனிதர்கள். அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

பல் டாக்டர் அதில் ஒருவர். அறுபது தாண்டியவர், தங்கமான மனிதர். வீச்சு மட்டும் தண்ணீருக்குள் கை அசைக்கிற மாதிரி இருக்கும். பதினோரு வருஷமாக அவரிடம் இருந்தது நான் ஒன்பது என்று எழுதிக் கொடுத்த பன்னிரண்டு. தினமும் காலையில் ஏழு மணிக்கு முதல் ஆள் அவர்தான். அவர் கைவாகுக்குப் பந்து வலது பக்கமாக உயர எழும்பி, சாவகாசமாக இறங்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

அதே நேரத்தில் வலது ஓரத்தில் என் மச்சான் புல் வெட்டிக்கொண்டிருப்பான். என் மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து நூற்று முப்பது அடி எடுத்து வைத்தால் அவன் வண்டி இருக்கும் இடம் வரும். காதில் சத்தம் கேட்காமலிருக்கக் கவசம் மாட்டியிருப்பான், பின்னாலிருந்து யார் கத்தினாலும் கேட்காது. அதனால் யாராவது மேடையில் ஏறினால் வண்டியை நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அங்கே வழக்கம். டாக்டருக்கு மட்டும் அவன் நிறுத்துவதில்லை. அவர் பந்து தலைக்கு மேலே மூணு ஆள் உயரத்தில் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். அவன் கையை ஆட்டுவான், அவர் கையை ஆட்டுவார், அடிப்பார். பதினோரு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அந்தத் தைரியத்தை ரெண்டு பேருக்கும் கொடுத்தது என் பட்டறை.

மச்சான் கெட்டவன் இல்லை. வாய்தான் ஓயாது. போன மாசம் வண்டிக்குத் திருகு தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்தவன், நான் எண் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் பாதி தேய்த்த பன்னிரண்டும் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட மாமா! இத்தனை வருஷமா எல்லாருக்கும் இப்படித்தான் நாமம் போட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"மெதுவா பேசுடா."

"வக்கீலுக்கும் பன்னெண்டா? டாக்டருக்கும்? ஐயோ, அவர் ஒன்பதுன்னு என்னமா பீத்திக்குவாரு! மாமா, எனக்கும் ஒரு நம்பர் எழுதி விடுங்க. இதோ, நெத்தியில."

யாரிடமும் சொல்லாதே என்றேன். சொல்லவில்லை. ஆனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "என்ன பன்னெண்டு, சாப்டாச்சா?" என்பான். எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. மாசக் கடைசியில் மைதானத்தில் பரிசளிப்பு. வேலைக்காரர்கள் மேடையேறி ஏதாவது வேடிக்கை செய்து காட்டுவது உண்டு, மச்சான்தான் எப்போதும் பேசுவான். இந்தத் தடவை என்னைப் பற்றித்தான் பேசப்போவதாகச் சொன்னான்.

"விளையாட்டுக்குத்தான் மாமா. எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்குக் கைதட்டுவாங்க பாருங்க."

வேண்டாமென்று ரெண்டு தடவை கேட்டேன். மூணாம் தடவை அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவன் சின்னப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு வயசாகியும் எதுக்கு மாமா இப்படிப் பயப்படுறீங்க" என்றான்.

எனக்குப் பயம் இல்லை. பதினேழு பேரின் மானம் அது. ஒரு மேடையில் ஒரு நிமிஷத்தில் அத்தனை பேரும் கிழவர்களாகிவிடுவார்கள். அதைத்தான் நான் யோசித்தேன்.

பிறகு டாக்டரின் மட்டையை வாங்கினேன். கைப்பிடி தேய்ந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். பழகும் திடலில் அதே நூற்று முப்பது அடி எடுத்து வைக்கும் தூரத்தில் ஒரு கொடிக்கம்பம் இருக்கிறது. மச்சான் வண்டியில் உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த உயரத்தில் கம்பத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றினேன். மூன்று சாயங்காலம் டாக்டரைக் கூட்டிப் போய், புதுத் தலை வந்திருக்கிறது, கொஞ்சம் அடித்துப் பாருங்கள் என்றேன். ஆர்வமாக அடித்தார். பத்தரை மிகவும் மேலே போயிற்று. நிஜமான ஒன்பதையும் மாட்டிக் கொடுத்துப் பார்த்தேன், டேப்புக்கு ஒரு முழம் மேலே போயிற்று. எட்டை மாட்டியபோது பத்துப் பந்தில் நாலு டேப் உயரத்துக்குச் சரியாக வந்தது. டாக்டருக்கு வருத்தம், பந்து தாழப் போகிறதே என்று. கை பழகினால் சரியாகிவிடும், காற்று அடிக்கும்போது இதுதான் நல்லது என்றேன். நம்பினார். எட்டைத் தேய்த்துவிட்டு ஒன்பது என்று எழுதி மாட்டிக் கொடுத்தேன்.

உடனே நடந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் டீ கிளாஸோடு பட்டறை வாசலில் நின்றுகொள்வேன். அவன் கையை ஆட்டுவான், அவர் கையை ஆட்டுவார். முதல் மூணு நாள் பந்து எங்கெங்கோ போயிற்று. நாலாம் நாள் வண்டிச் சக்கரத்தில் பட்டது. மச்சான் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். சிரிக்கவில்லை.

"மாமா, டாக்டர் பந்து என்னவோ தாழ வருது. நாளையிலேர்ந்து அவருக்கும் ஒதுங்கி நின்னுக்கட்டுமா?"

ஐயா, இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அவன் என்னைக் கேட்டான். அந்த மைதானத்தில் யார் பந்து எங்கே போகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இல்லை, அதனால் கேட்டான். கையில் இருந்த வேலையை நான் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஒரு நாள் கை தவறினதுக்கு எதுக்குடா ஒதுங்கணும். அவர் மட்டையைப் பாக்கிறது நான்தானே" என்றேன்.

"சரி, நீங்க சொன்னா சரிதான்" என்றான். போகும்போது, "வரேன் பன்னெண்டு" என்றான்.

ஒன்பதாம் நாள் பட்டது. கவசத்துக்கு முன்னால், நெற்றிப் பொட்டில். வண்டி தானாகக் கொஞ்ச தூரம் போய் மரத்தில் முட்டி நின்றது. அதிலிருந்து மூணாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. பரிசளிப்பு நடக்கவில்லை.

என் மனைவி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த டாக்டர் நல்லா இருப்பாரா" என்று கேட்பாள். அவர்மேல் தப்பில்லை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டரும் பட்டறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இனிமேல் விளையாட மாட்டேன், இதை உடைத்துப் போடு என்று மட்டையை நீட்டினார். வாங்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். உடைக்க மனம் வரவில்லை. நல்ல வேலைப்பாடு அது. அங்கிருந்துதான் நீங்கள் எடுத்தீர்கள்.

நேற்று என்னிடம் மரியாதையாகத்தான் பேசினீர்கள். வெளிக் கடையில் கொடுத்து அளந்தோம், அடியில் ஒன்பது என்று இருக்கிறது, அளந்தால் எட்டு வருகிறது என்றீர்கள். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"பெரியவரே, வயசாயிடுச்சு. கண்ணு மங்கியிருக்கும். ஒன்பதுன்னு நெனச்சு எட்டை மாட்டிட்டீங்க. தெரியாம நடந்தது. அதை அப்படியே எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போயிருக்கலாம். களைப்பாகத்தான் இருக்கிறது, வீட்டில் போய்ப் படுத்தால் தேவலை. ஆனால் என் கண்ணில் மங்கல் ஒன்றுமில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு தலையை இன்னொரு தலை என்று நினைத்து நான் மாட்டியதில்லை. வயசான ஆள் தடுமாறிவிட்டான் என்று மேனேஜரும் வக்கீலும் உட்கார்ந்து பேசுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியாது. நீங்கள் தயார் செய்து வைத்திருக்கிற தாளில் 'தவறுதலாக' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். எட்டு என்று தெரிந்துதான் மாட்டினேன். மச்சான் தலையை அளந்துதான் மாட்டினேன். கொலை என்று எழுதுவீர்களோ என்னவோ, அது உங்கள் வேலை. பந்தை அடித்தது நான் இல்லை.

இன்னொன்று. உங்கள் கடைக்காரன் அளந்ததும் தப்பு. அது எட்டு இல்லை, ஏழேமுக்கால். கம்பெனியில் எட்டு என்று போட்டு அனுப்பிவிடுவார்கள், யாரும் சரி பார்ப்பதில்லை. என் பித்தளை அளவுகோல் மேஜையின் ரெண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, வைத்துப் பாருங்கள்.

பேனாவை மூடி வைக்கப் போகிறேன். நீங்கள் காட்டிய அறைக்கு நானே நடந்து போய்க்கொள்கிறேன், கையைப் பிடிக்க யாரும் வர வேண்டாம். நீங்கள் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத மட்டையை ஒரு ஆளுக்கும் நான் கொடுத்ததில்லை.