கணக்கு வாத்தியார் வரும்வரை பூட்டு

– கையை எடுங்க சார், கேட்டைத் தொடாதீங்க. பள்ளிக்கூடம் இப்போ எங்க வசம்.

– தொடலை தம்பி. மழைக்கு ஒதுங்கி நின்னேன். நீ யாரு?

– கடைசி வகுப்புத் தலைவர், பாந்தெலிஸ். போன மாசம் கூட்டம் போட்டு, கை தூக்கி, முறைப்படி சங்கிலி கட்டியிருக்கோம். ஏதென்ஸ்ல இருந்து இந்தத் தீவுக்குக் கணக்கு வாத்தியாரை அனுப்புற வரைக்கும் வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. விதின்னா விதி.

– நல்ல தீர்மானம். நான்தான் கணக்கு வாத்தியார். கிரியாக்கோஸ்.

– எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.

– எல்லாருமா?

– முதல்ல போலீஸ்காரர் சொன்னார். அப்புறம் பாதிரியார் வந்து சொன்னார். அவரைத் தாடியை வெச்சுக் கண்டுபிடிச்சோம்.

– டேய் பாந்தெலி, யாருடா அது பெட்டியோட?

– எவந்தியா, நீ உள்ளே போ. தலைவர் பேசிக்கிட்டிருக்கேன்ல?

– ஆமா, பெரிய தலைவர்! வகுப்புல மொத்தமே மூணு பேரு சார். இவன் தலைவர், நான் செயலாளர், ஸ்தமாத்திஸ் பொருளாளர். உறுப்பினர்னு ஒருத்தரும் கிடையாது. நீங்க நிஜமாவே கணக்கா?

– நிஜமாவே கணக்குதாம்மா.

– ஐயோ! அக்டோபர்ல இருந்து ஒரு கணக்கு போடலை சார். மே மாசம் நுழைவுத் தேர்வு. நான் கப்பல் கட்டுற படிப்புக்குப் போகணும். இதை விட்டா அப்பாவோட வலை பின்ன வேண்டியதுதான். திறடா!

– நிரூபிக்கட்டும். புத்தகத்துல கடைசிக் கணக்கைக் காட்டு அவருக்கு. கம்பி வழியா காட்டு, கையில குடுத்துராதே.

– இதா? விடை மைனஸ் ஏழு.

– விடை சரியா, எவந்தியா?

– எனக்கென்னடா தெரியும்? தெரிஞ்சா எதுக்குப் பூட்டியிருக்கோம்?

– பின்னாடி விடைப் பக்கம் இருக்குமே!

– அதைத்தான் ஸ்தமாத்திஸ் குளிருக்குக் கொளுத்திட்டான்.

– பிள்ளைங்களா, துறைமுகத்துல ஊதுறது நான் வந்த கப்பல்தானே?

– அதேதான் சார், இப்போ திரும்பிப் போயிரும். போயிராதீங்க! போன வருஷம் வந்த வேதியியல் டீச்சர், கப்பல்ல இருந்தபடியே தீவைப் பாத்துட்டு, இறங்காமலே போயிட்டாங்க. பாந்தெலி, ஓட்டுக்கு விடு.

– விடுறேன். திறக்கணும்னா மூணுல ரெண்டு கை வேணும்.

– இதோ என் கை. நீயும் தூக்கு.

– தூக்க மாட்டேன்.

– ஏண்டா?

– திறந்துட்டா நான் எதுக்குத் தலைவர்? எங்கப்பாவே இந்தக் கேட்டுல நின்னு, "பாந்தெலி, உள்ளே வரலாமாப்பா?"ன்னு கேட்டாரு. அந்த மனுஷன் அதுவரைக்கும் என்னை எதையுமே கேட்டதில்லை.

– ஸ்தமாத்திஸ் கை இருக்கு. பெஞ்சு மேல தூங்குறான், நான் போய்த் தூக்கிப் பிடிக்கிறேன்.

– தூங்குறவன் கை செல்லாது.

– எழுப்பினா எந்திரிக்கவே மாட்டேங்கிறான் சார். அவங்கம்மா சுவருக்கு மேல வீசின, கீரை அடைச்சுச் சுட்ட பிட்டா முழுசையும் ஒத்தையா தின்னுட்டான்.

– தலைவர் சொல்றது சரிதாம்மா, செல்லாது. தலைவரே, வெளியாள் ஒரு சந்தேகம் கேட்கலாமா?

– ம்ம். சுருக்கமா.

– தீர்மானம் போட்டது போன மாசம். இந்த மாசம் புதுப்பிச்சீங்களா?

– புதுப்பிக்கணுமா?

– விதின்னா விதி. பூட்டு தொடரட்டும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க.

– தூக்கிட்டேன்.

– ஒண்ணு. செயலாளர்?

– ரெண்டு கையும் பாக்கெட்ல இருக்கு சார்.

– பொருளாளர்?

– குறட்டை மட்டும் தூக்குது.

– மூணுல ஒரு கை. தீர்மானம் தோத்துப்போச்சு, தலைவரே.

– இருங்க... இருங்க. இப்பத்தானே ரெண்டு கை வேணும்னு நான் சொன்னேன்?

– அதே ரெண்டுதான் தம்பி. இப்போ உனக்கு வேணும்.

– சாவியைப் போடுடா, கப்பல் மறுபடி ஊதுது!

– போடுறேன், போடுறேன், தள்ளாதே! துருப்பிடிச்சிருக்கு... ஆங். வாங்க சார். இந்த வித்தையெல்லாம் கணக்குல எந்தப் பாடம்?

– கணக்குல இல்லைப்பா. ஆசிரியர் சங்கத்துல பல வருஷம் செயலாளர்.

– அவனை விடுங்க சார், நனைஞ்சுட்டீங்க. கரும்பலகை துடைச்சு வெச்சிருக்கேன், சாக்பீஸ் இருக்கு. நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறோம்?

– நாளைக்கா? அந்தப் பூட்டை எங்கேயும் தொலைச்சுராதேம்மா. நாளையிலிருந்து எங்க ஆசிரியர் சங்கத்தோட வேலைநிறுத்தம். நானும் கை தூக்கிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.