குடிக்காத தேத்தண்ணி

விசுவமடுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். "கக்கூசைக் குசினிக்குப் பக்கத்தில கட்டியிருக்க வேணும்," என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.

"சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஆராவது கக்கூஸ் கட்டுவினமோ அண்ணை?" என்றாள் அவருக்குத் தெரிந்த பெண்.

"சக்கரக் கதிரையில திரியிற ரெண்டு பெடியளுக்கு வாடகைக்குக் குடுக்கவெண்டே கட்டின வீடு, தங்கச்சி. படி வைக்கேல்லை. வாசலையும் அகலமா வைச்சன். கக்கூசை மட்டும் எல்லாரையும்போல வளவின்ர கோடியில வைச்சிட்டன். மணலில சில்லுப் புதையும்."

"அவையள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. பின்னேரம் தேத்தண்ணி குடுத்தா வேண்டாமெண்டுவாங்கள். பெருமை பிடிச்சவங்கள் எண்டு என்ர மனிசியிட்டைச் சொன்னனான்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"இப்ப வேற வீட்டுக்குப் போட்டாங்கள். நேற்றுப் பாக்கப் போனனான். அங்கை கக்கூஸ் குசினிக்குப் பக்கத்திலதான். எனக்கு முன்னால இருந்து, ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தேத்தண்ணி குடிச்சாங்கள்."