முதல் சிப்பி

2019 ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, கார்ன்வாலின் தென்கரையில் போல்வெர்ரன் துறையில் இருக்கும் எங்கள் கொட்டகைக்கு மதியம் முதலில் சாப்பிட வந்தவர் ஆம்ப்ரோஸ் ஹோஸ்கிங். ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் அரை பாட்டில் வெள்ளை ஒயினும் வைத்திருந்தார்.

எங்களிடம் ரொட்டி கிடையாது. நண்டும் சிப்பியும் நாங்கள் கொடுப்போம், மற்றதெல்லாம் வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும். லண்டனிலிருந்து முதல் முறை வருகிறவர்கள் வெறுங்கையோடு நின்று முழிப்பார்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டுவார். அதற்காகவே மறுபடியும் வருகிறார்கள் என்று என் கணவர் டென்சில் சொல்வார். இருக்கலாம். நான் பின்கட்டில் அடுப்பங்கரையில் நிற்பவள். அவர்கள் முகத்தை அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது டென்சிலின் அப்பா தொடங்கிவைத்தது. கருஞ்சிப்பியை வெங்காயம் போட்டு, சைடர் என்ற ஆப்பிள் மது ஊற்றி வேகவைத்து, மூடியோடு சட்டியை மேசைக்குக் கொண்டுபோவோம். மூடியைத் திறந்ததும் டென்சில் மேலே கிடக்கும் சிப்பி ஒன்றை எடுத்து, ஒரு காலிச் சிப்பி ஓட்டையே இடுக்கி மாதிரி பிடித்துச் சதையைக் கழற்றி, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். மென்று விழுங்கித் தலையை ஆட்டிய பிறகுதான் சட்டி மேசைக்கு இறங்கும். சமைத்த வீடு முதலில் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்தின் மரியாதை. விருந்தாளிகள் அதைப் படமெடுப்பார்கள். டென்சிலும் கொஞ்சம் முகத்தைத் திருப்பி, வெளிச்சம் படும்படி நின்று கொடுப்பார்.

நீங்கள் ஹோஸ்கிங்கைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் என் கால்களிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

கல்யாணமாகி வந்த மறு மாதத்திலிருந்து நான் அந்த ஈரத் தரையில் நிற்கிறேன். நண்டை உடைப்பது, செவுளைப் பிடுங்கி எறிவது, வெள்ளைச் சதையையும் பழுப்புச் சதையையும் பிரித்து ஓட்டில் அடைப்பது, சிப்பியில் தொங்கும் தாடி நாரை இழுத்துக் களைவது, எல்லாமே நின்று செய்யும் வேலை. ஐம்பது வயதுக்குப் பிறகு கணுக்கால் சாயங்காலமானால் வீங்கும். டாக்டர் உட்காரச் சொன்னார். டென்சிலிடம் சொன்னேன். அவர் ஒரு முக்காலி வாங்கிவந்து போட்டார். முக்காலியில் உட்கார்ந்தால் அடுப்பு எட்டாது.

கடையை மூடிவிடலாம் என்று முதன்முதலாக நான் கேட்டது ஒரு கல்யாண நாளில். வடகரையில் புதிதாக ஒரு கடல் உணவு விடுதி திறந்திருந்தார்கள். வெள்ளை விரிப்பு, பனிக்கட்டி மேல் அடுக்கிய சிப்பி, மெழுகுவர்த்தி. பிறர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான்தான் கேட்டு அழைத்துப் போனேன். சட்டி வந்தது. பரிமாறிய பையன் வைத்துவிட்டுத் திரும்பினான்.

டென்சில் அவன் கையைப் பிடித்தார். "தம்பி, இதுல யாரு முதல்ல சாப்பிட்டது?"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான் சார் முதல்ல சாப்பிடப் போறீங்க" என்றான்.

"அதத்தான் கேக்கறேன். சமைச்சவன் சாப்பிட்டானா இல்லையா?"

பிறகு எழுந்து சமையற்கட்டுக்கே போய்விட்டார். அங்கே சமையல்காரருக்கு நண்டு உடைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தி பாதி எரிந்தபோது திரும்பி வந்தார், சட்டை முழுக்க நண்டுத் தண்ணீர். சட்டி ஆறிப்போயிருந்தது.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "டென்சில், போதும். மூடிருவோம்."

"இன்னும் ஒரு சீசன் கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் கேட்டேன். ஒவ்வொரு அக்டோபரிலும் அதே பதில். அவர் கோபப்பட்டதே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். என் கன்னத்தைத் தட்டிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எங்கள் கரையிலேயே கொஞ்சம் மேற்கே ஒரு பெண்மணி நடத்திவந்த விடுதியில் ஒரு கல்யாணக் கூட்டம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. கவுன்சில்காரர்கள் வந்து அதை மூடினார்கள். அடுத்த கோடையில் அந்தப் பெண்மணியைக் கடற்கரையில் பார்த்தேன். துணி நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி மணலில் போட்டிருந்தாள். கணுக்கால் எலும்பு தெரிந்தது. நான் நெடுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல, அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் போதும் என்று அப்போது தோன்றியது.

யார் என்பதில் நான் அவசரப்படவில்லை. குழந்தைகளோடு வருகிறவர்களை விட்டுவிட்டேன். வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போய்ப் படுத்தால் எங்கள் மேல் வராது. வயதான தம்பதியில் ஒருவர் படுத்தால் மற்றவருக்குச் சிரமம். ஹோஸ்கிங் தனிக்கட்டை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். வியாழன் தவறாமல் வருவார். ஒரு முறை ரொட்டியால் சட்டியைத் துடைத்தபடி என்னிடம், "போதும் லவ்டே, அலுத்துப்போச்சு, நாளைக்கே கூப்பிட்டாலும் கிளம்பிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை மறக்கவில்லை. ஒரு மனிதர் தன் வாயால் சொன்னதை நாம் மதிக்க வேண்டும்.

எங்கள் சிப்பி கயிற்றில் வளர்வது, தொட்டியில் சுத்தமாவது. அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் தானாக வளரும் சிப்பி இருக்கிறது. கோடையில் தண்ணீரில் நச்சுப்பாசி பெருகும்போது கவுன்சில் அங்கே மஞ்சள் பலகை நடும். சிப்பி எடுக்காதீர், சமைத்தாலும் நஞ்சு போகாது என்று எழுதியிருக்கும். அந்த வருஷம் ஜூலையிலேயே நட்டுவிட்டார்கள். நான் விடியற்காலை நீர் வற்றியிருந்தபோது வாளியோடு போனேன். நண்டுக்கு அடியில் விரிக்கக் கடற்பாசி எடுத்துவரப் போகிறேன் என்று டென்சிலிடம் சொன்னேன். பாசியும் எடுத்துவந்தேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஹோஸ்கிங்கின் சட்டி வெந்துகொண்டிருக்கும்போது டென்சிலைப் படகுமேடைக்கு ஐஸ் எடுத்துவர அனுப்பினேன். கணவருக்கு ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டியை நானே கொண்டுபோய் வைத்தேன்.

ஹோஸ்கிங் கையை மடியிலேயே வைத்திருந்தார். "டென்சில் எங்க? அவன் சாப்பிட்டாச்சா?"

"உள்ளயே சாப்பிட்டுட்டார். ஐஸ் எடுக்கப் போயிருக்கார்."

"படம் எடுக்க ஆளில்லைன்னா உள்ளயே சாப்பிட்டுடுவானா" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். நன்றாகச் சாப்பிட்டார். பாதியில் என்னைக் கூப்பிட்டு, "உதடு கூசுது லவ்டே, மிளகு மாத்தினியா?" என்று கேட்டார். புது மிளகு என்றேன். "நல்ல காரம்" என்றார். மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். கதவருகே விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு போனார்.

சாயங்காலம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி அவரை நாற்காலியில் உயிரில்லாமல் கண்டாள். மூச்சுத் தசைகள் செயலிழந்திருந்ததாக டாக்டர் சொன்னார். கடைசிவரை நினைவு இருந்திருக்கும் என்றும் சொன்னார். இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வயிற்றுக்கடுப்போடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். பலகையில் மண்டையோடு வரைந்திருந்தார்கள்தான். ஆனால் கவுன்சில்காரர்கள் எல்லாவற்றுக்கும் அதை வரைவார்கள்.

வருத்தமாக இருந்தது. அதே சமயம், வேலை முடிந்துவிட்டது என்றும் இருந்தது. கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். தொட்டித் தண்ணீரையும் கயிற்றுச் சிப்பியையும் எடுத்துப்போய்ச் சோதித்தாள், சுத்தமாக இருந்தது. அது நான் அறிந்ததுதான். அவள் டென்சிலை உட்காரவைத்து, அந்தச் சட்டி பரிமாறப்பட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். நான் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஐஸ் எடுக்கப் போயிருந்தேன் என்று அவர் சொன்னால் மிச்சத்தை அவளே கண்டுபிடித்துக் கொட்டகையை மூடிவிடுவாள்.

டென்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தச் சட்டியில முதல் சிப்பி என் வாய்லதாம்மா போச்சு. எனக்கு என்ன ஆச்சு? பாரு, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"எங்கப்பன் காலத்துலருந்து நாங்க சாப்பிடாம ஒரு சட்டி வெளிய போனதில்ல. ஊர்ல யாரை வேணாலும் கேளு."

அவள் ஊரைக் கேட்டாள். ஊரே பார்த்திருக்கிறது, படம் வேறு இருக்கிறது. ஹோஸ்கிங் முனைப்பக்கம் உலாவப் போகிறவர், பாறையிலிருந்து தானே பொறுக்கிச் சாப்பிட்டிருப்பார் என்று முடிவாயிற்று. எங்கள் மேல் ஒரு சொல் விழவில்லை.

அவள் போன பிறகு டென்சிலிடம் கேட்டேன். "அன்னைக்கு நீங்க படகுமேடையிலதான இருந்தீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

"ஐஸ் எடுக்கப் போனது வேற நாளா இருக்கும் கண்ணு. நான் சாப்பிடாம போயிருந்தா நீ சொல்லியிருப்பியே."

அடக்கம் முடிந்து எல்லாரும் எங்கள் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவந்தார்கள். நான் பின்கட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் டென்சில் கோப்பையைத் தூக்கிப் பேசுவது கேட்டது. "ஹோஸ்கிங்குக்காகவாவது இந்தக் கொட்டகையை இன்னும் பத்து வருஷம் நடத்துவேன். லவ்டேயும் நானும்." கைதட்டினார்கள். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். கையில் நண்டு இருந்தது, நான் போகவில்லை.

அந்த வருஷம் கூட்டம் அதிகம். செப்டம்பரிலும் வெளியே வரிசை நின்றது.

மஞ்சள் பலகையை அவர்கள் இன்னும் பிடுங்கவில்லை. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. அப்படியொரு திங்கட்கிழமை மதியம் நான் முன்பக்க மேசையில் ஒரு சட்டியை வைத்து, டென்சிலிடம் உட்காருங்கள் என்றேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "எனக்கே விருந்தா?" என்று உட்கார்ந்தார். பழக்கதோஷம், முதல் சிப்பிக்கு எழுந்து நின்று, சிரித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். சில நாள் படுத்திருந்தால் அவருக்கும் புத்தி வரும், எனக்கும் ஓய்வு கிடைக்கும், இருவருக்குமே நல்லது என்றுதான் நினைத்தேன். ஹோஸ்கிங் வயதானவர், தாங்கவில்லை. டென்சில் கல் மாதிரி இருப்பவர்.

சட்டி காலியாகும்போது ரொட்டி அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல் பிடிக்கவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லவ்டே, நான் ஐஸ் எடுக்கப் போனது அந்த வியாழக்கிழமைதானா?"

"ஆமாம்" என்றேன்.

"ஃபோனை எடு கண்ணு."

ஃபோன் என் மேலங்கிப் பையில் இருந்தது. அவசரப்பட்டு யாரையாவது வரவழைத்தால் அவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள், போன முறை மாதிரி தப்பாக முடிவு செய்துவிடுவார்கள் என்று யோசித்தேன். அதனால் முதலில் மிச்சமிருந்த சிப்பியை ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, கவுன்சிலுக்கு என்று எழுதி ஒட்டினேன். சட்டியைக் கழுவவில்லை. பிறகு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவரால் பேச முடியவில்லை, கண் மட்டும் என்மேல் இருந்தது. உங்களுக்கும் ஓய்வு வேண்டும் டென்சில், இத்தனை வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் மூச்சு நின்ற பிறகு ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தேன். வேறு என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. புதன்கிழமை கவுன்சில் கொட்டகையை மூடியது.